வடகிழக்கு மூலையில் மூன்று கன்றுகள்

தம்பி,

இன்னும் பத்து நாளில் நீ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போகிறாய். அம்மா உன் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு, எது போகும் எது போகாது என்று அந்த நாட்டுச் சுங்கத் தாளைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறாள். கறிவேப்பிலைப் பொடி போகுமா என்பதில் இரண்டு நாளாக முடிவில்லை. நேற்று அந்தத் தாளை நான் வாங்கிப் படித்தேன். விதை இருக்கிறதா, செடி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் காலணியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். ஒரு நாட்டுக்குள் வருகிற மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை நீ செமினி வாழை நிலத்தில் என்னிடம் கேட்டாய். நான் பொய் சொன்னேன். நானூறு வாழைக் கன்றும் வாடிப்போனதற்கு உன் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலையையும் விட்டுவிட்டு வந்தாயே, அந்தத் தப்பு உன்னுடையது இல்லை. உன் நாற்றங்கால் மண்ணில் ஒன்றுமே இல்லை. நோயை அந்த நிலத்துக்குக் கொண்டுவந்தவன் நான், உன் அப்பன். என் வேனில் வைத்துக் கொண்டுவந்தேன்.

இதை உன்னிடம் நேரில் சொல்ல நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் "சாப்பிட்டியா" என்றுதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். ஒரு பிரதியை நம் மாத இதழுக்கும் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே. நான் வாழை இலை போடுகிற பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்று விடாமல், "பாட்டில் கன்னு எல்லாம் ஆகாது லா, படிச்சவங்க பேச்சக் கேட்டு நெலமே போச்சு" என்று சொல்லி வைத்தவன் நான். பொய்யைக் கடைத்தெருவில் விற்றுவிட்டு, உண்மையை மட்டும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயர் போடவில்லை. இலை வாங்குகிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும், அது போதும்.

என் தொழிலை நீ அறிவாய். ஆனாலும் நீ அறியாதது கொஞ்சம் இருக்கிறது. இலைக்கட்டு உருட்டும்போது நல்ல இலையை வெளியே வைத்து, கிழிந்ததை நடுவில் வைப்பேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் சாப்பாட்டுக் கடை அக்கா உன் முன்னாலேயே கட்டைப் பிரித்துப் போட்டு, "அண்ணே, நடுவுல கிழிஞ்சத வச்சு சுருட்டிட்டீங்களே, நான் என்ன நேத்திக்கா கடை தொறந்தேன்?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பி, நாலு இலை சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வேனில் ஏறியதும் நீ ஒரே ஒரு வார்த்தை கேட்டாய்: "தெரிஞ்சேதான் வச்சீங்களாப்பா?" அப்போது நீ படிவம் மூன்று, பதினைந்து வயது. நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்த வானொலிதான்.

அந்த இலைகளெல்லாம் ஒரு காலத்தில் நம் பழைய கிள்ளான் வீட்டுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில் இருந்த வாழைகளிலிருந்து வந்தவை. கையில் ஒன்றும் இல்லாத நாளில், அந்த வாழையில் இலை அறுத்து, சைக்கிளில் வைத்துப் பாசார் சந்தைக்குக் கொண்டுபோய் நின்றவன் நான். அதற்குப் பிறகு எந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாலும், முதல் வேலையாகக் கிள்ளான் வாழையிலிருந்து மூன்று கன்று பெயர்த்து வந்து, வடகிழக்கு மூலையில் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டிவிட்டுத்தான் மற்றதை நடுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முதல் நிலத்தில் தற்செயலாகச் செய்தேன், தொழில் நன்றாக நடந்தது, அப்படியே பழக்கமாகிவிட்டது. கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை உண்டு. அந்த மூன்று கன்று வைக்காத நிலம் கிடையாது.

நீ வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு முதல்முறை என்னைக் கூட்டிப்போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றச் சொன்னாய், தொப்பி மாட்டினாய், கையில் ஏதோ தெளித்தாய். அலமாரி அலமாரியாகக் கண்ணாடிப் பாட்டில்; உள்ளே ஜெல்லி; ஜெல்லியின் மேல் விரல் நீள வாழை. ஒரு கன்றின் குருத்து நுனியில் சோற்றுப் பருக்கை அளவு அறுத்து வைத்தால் இவ்வளவும் வரும் என்றாய். "வெத எங்கடா?" என்று கேட்டேன். "வெத வேணாம்ப்பா. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் முழு மரத்தோட கணக்கும் இருக்கு" என்றாய். நுண்ணோக்கியில் காட்டினாய். தேன்கூடு போல அறை அறையாக இருந்தது. எல்லா உயிரும் இந்த அறைகளால் ஆனதுதான், மரமும் மாடும் மனிதனும் இந்த விஷயத்தில் ஒன்றுதான் என்றாய். இந்த ஒரு பேச்சு பிடிபட்ட பிறகுதான் உங்கள் உயிரியலே ஒரு ஒழுங்குக்கு வந்தது, மருத்துவமும் விவசாயமும் நீங்கள் பாட்டிலில் செய்கிற வேலையும் இதன் மேல்தான் நிற்கிறது என்றாய்.

எனக்குத் தலை சுற்றியது. "இத்தன கோடி அறை இருக்கே, இதுல மொதலாளி யாரு?" என்று கேட்டேன். "அப்படி யாரும் இல்லப்பா. பக்கத்துல இருக்கற அணுவோட பேசிக்கிட்டு, அதது தன் வேலையப் பார்க்குது" என்றாய். "மொதலாளி இல்லாத கடையா? அப்ப சாயங்காலம் யாரு பூட்டறது?" என்று கேட்டேன். உன் மேலதிகாரி மேடம், பக்கத்து மேசையில் இருந்த அந்தச் சீனப் பெண்மணி, தமிழ் புரியாமலே நம் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்தார். நான் விளையாட்டாகக் கேட்கவில்லை, தம்பி. இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு அணுவுக்கும் முழு மரமும் தெரியுமென்றால், இலையில் இருக்கிற அணு ஏன் இலையாக மட்டும் இருந்துவிட்டுப் போகிறது? என் விரலில் இருக்கிறதுக்கு என் முழு உடம்பும் தெரியுமென்றால், நான் செய்ததும் அதற்குத் தெரியுமா?

உன் படிப்பை நான் மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்ததே, அந்த நான்கு நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தொட்டுப் பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் ஊசியில் துளி எடுத்து, அந்த அணுக்களைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, ஒழுங்காகத்தான் இருக்கின்றன, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். வாகன நிறுத்துமிடத்தில் நீ எனக்கு விளக்கினாய்: புற்று என்பது வெளியே இருந்து வருகிற பேய் இல்லை, நம் உயிரணுவில் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பெருகுவது, அதனால் அணுவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று. சுபாங் ஜெயா வரும்வரை நான் அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன். அன்று முதல் உன் படிப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை. முழு நம்பிக்கை இருந்தும் ஏன் அப்படிச் செய்தேன் என்பதுதான் எனக்கு விளங்காத முதல் விஷயம்.

செமினி நிலம் உன் ஆய்வுக்கூடத்தின் முதல் சோதனை நிலம்; அதை எனக்குக் குத்தகைக்கு விட்டவரும் உன் மேடம்தான். நானூறு கன்று, நீயே நுனி அறுத்து, நீயே பாட்டிலில் வளர்த்து, நீயே தொட்டியில் மாற்றி வெயிலுக்குப் பழக்கியவை. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஒரு தட்டை வைத்தாய். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பூட்ஸை அதில் முக்கிவிட்டுத்தான் வர வேண்டும். நம் தோட்டத்து ஆள் ரஹீம் அதைப் பார்த்து, பங்களாதேஷில் பள்ளிவாசலுக்குப் போகும்போதுதான் இப்படிக் காலைக் கழுவுவோம் என்று சிரித்தான். "வெளியிலேர்ந்து ஒரு செடிகூட உள்ள வரக்கூடாதுப்பா. ஒரு மண்கட்டிகூட. வாழைக்கு ஒரு வாடல் நோய் இருக்கு, மண்ணுல உக்காந்துச்சுன்னா உங்க காலம் என் காலம் முடியற வரைக்கும் போகாது" என்று என்னிடம் சொன்னாய். "சரிப்பா" என்று சொன்னேன். அந்தச் சரிக்கு மூன்றே நாள்தான் ஆயுள்.

நடவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நீ ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, கிள்ளானுக்குப் போய் மூன்று கன்று பெயர்த்தேன். சாக்கில் சுற்றி வேனில் வைத்தேன். செமினி வாசலில் இறங்கி, நீ சொன்னபடியே பூட்ஸைத் தட்டில் முக்கினேன். இரண்டு காலையும் முக்கினேன், தம்பி. கரண்டைக்கால் வரை நனைந்தது. கையில் அந்த மூன்று கன்றையும், வேரோடு, கிள்ளான் மண்ணோடு பிடித்துக்கொண்டே முக்கினேன். இதை யாராவது என்னிடம் கதையாகச் சொல்லியிருந்தால் அவனை முட்டாள் என்று சொல்லியிருப்பேன். மூலையில் வைத்து, கற்பூரம் காட்டினேன். ரஹீம் மலாயில், இது எங்கிருந்து வந்தது போஸ் என்று கேட்டான். "ரூமா லாமா" என்றேன்; பழைய வீட்டிலிருந்து. "அனாக் போஸ் தாவு கா?" மகனுக்குத் தெரியுமா என்று கேட்டான். நான் எலுமிச்சம்பழத்தை வெட்டினேன்.

நானூறோடு நின்ற அந்த மூன்றையும் உன் கண் பிரித்துப் பார்க்கவில்லை; நான்காவது மாதம் அந்த மூலையில்தான் முதலில் மஞ்சள் விழுந்தது. அடி இலைகள் ஒடிந்து தண்டோடு தொங்கின. நீ வரும் முன்னாலேயே நான் என் மூன்றில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்துவிட்டேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பில் ஒரு வளையம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நான் செய்ததுதான் பெரிய பாவம். மூன்றையும் தோண்டி எடுத்து, தகரப் பீப்பாயில் போட்டு எரித்து, குழியை மூடி, அந்த இடத்தில் உன் வரிசையின் கடைசியிலிருந்து மூன்று கன்றைப் பெயர்த்து வைத்து, தண்ணீர் ஊற்றினேன். கிழிந்த இலையை நடுவில் வைத்து உருட்டுகிற கைதானே. நீ வந்து பார்த்தபோது பக்கத்து வரிசைகளிலும் மஞ்சள் ஏறியிருந்தது; உன் கண்ணுக்கு அங்கே உன் கன்றுகள் மட்டும்தான் இருந்தன.

அன்று நீ என்னிடம் கேட்டாய், வெளியிலிருந்து ஏதாவது வந்ததா, யாராவது மண்ணோடு உள்ளே வந்தார்களா என்று. இல்லை என்றேன். "வெயில் அதிகம், தன்னால வந்திருக்கும் தம்பி" என்றேன். ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு. நீ வரப்பில் குந்தியிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாய்: "தன்னால எதுவும் வராதுப்பா. பூஞ்சையும் உயிருதான், அதுக்கும் உயிரணு இருக்கு. உயிரணு இன்னொரு உயிரணுலேர்ந்துதான் வரும். வெயில்லேர்ந்து வராது, வெறும் மண்ணுலேர்ந்து வராது. முன்னாடி பெரிய பெரிய படிப்பாளிங்களே அழுக்குலேர்ந்து புழு பொறக்கும்னு நெனச்சாங்க. அப்படி இல்லன்னு தெரிஞ்சதுனாலதான் நாங்க நோய் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடறோம். இது எங்கேர்ந்தோ வந்திருக்கு. யாரோ கொண்டாந்திருக்காங்க."

"யாரு கொண்டாந்திருப்பா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு நாக்கு எப்படி எழுந்ததோ.

"நானாத்தான் இருக்கும்" என்றாய். "தொட்டி மண்ண கிருமி சாகட்டும்னு நான்தான் வேக வச்சேன். எங்கயோ விட்டுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வரப்பில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். சொல்லவில்லை. ஏன் என்று இந்த எட்டு மாதமாக யோசிக்கிறேன், தெளிவாக ஒன்றும் வரவில்லை. உன் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கம். உன் மேடம் குத்தகையை முறித்துவிடுவாரோ என்ற பயம். இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்: படித்தவனின் பாட்டில் கன்று என் ஊரில் தோற்றுப்போனதே என்று உள்ளே எங்கோ ஒரு சின்னத் திருப்தி. பெற்ற பிள்ளை மேல் அப்படி ஒரு எண்ணம் எங்கிருந்து வரும்? தன்னால் எதுவும் வராது என்றால், அதுவும் எனக்குள்ளேயே எதிலிருந்தோ வந்திருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன், ஆதி தெரியவில்லை.

நீ ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று, "இனிமே என் கையையே நம்ப முடியலம்மா" என்று அம்மாவிடம் சொன்னாய். பெர்த்தில் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை வேலை என்றாய். கிடங்கு வேலை கேவலமில்லை. நான் கிடங்கில் மூட்டை தூக்கி வளர்ந்தவன். ஆனால் நீ அங்கே வேலை தேடிப் போகவில்லை. செய்யாத தப்பிலிருந்து ஓடிப் போகிறாய். ஒரு தடவை நீ சொன்னதை வைத்து நான் தப்பிக்கவும் பார்த்தேன். தோலின் அணுக்கள் சில வாரத்தில் மாறிவிடும், இரத்தத்தில் இருப்பது சில மாதத்தில் மாறிவிடும் என்றாயே. அப்படியென்றால் அந்தக் கன்றைப் பிடித்த தோல் இப்போது என்னிடம் இல்லை, செய்தவன் வேறு, இப்போது இருப்பவன் வேறு என்று வாதாடிப் பார்த்தேன். பிறகுதான் நீ அதே பேச்சில் சேர்த்துச் சொன்னது ஞாபகம் வந்தது: மூளையில் இருப்பதில் பெரும்பாலானவை பிறந்ததிலிருந்து கடைசிவரை அப்படியே இருக்கும் என்று. சரக்கைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் மேடத்தைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முன்னால் இருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு, "அங்கிள், உங்க மகன் மூணு வாரம் சாப்பிடாம ரெக்கார்ட் எல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தான். நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாம் லா" என்றார், ஆங்கிலத்தில். எந்த நாள், எத்தனை கன்று, எந்த மரத்திலிருந்து, எந்த மூலையில், எப்போது எரித்தேன் என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஆட்கள் என்னோடு கிள்ளானுக்கு வந்து மண் எடுத்தார்கள், தண்டு எடுத்தார்கள். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் அரிவாளைக் கொடுத்து ஒரு மரத்தை வெட்டச் சொன்னபோது நானே பார்த்துவிட்டேன், அதே வளையம். இரண்டு வருடமாக அந்த அடி இலைகள் மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன். எனக்குச் சோறு போட்ட மரங்களை வேரோடு எடுத்து, அவர்கள் சொன்ன முறைப்படி அழித்துவிட்டேன். அந்த வாழை நோய்க்கு முன்னால் ராசியாக இருந்ததா, அல்லது ராசி என்று நான் நினைத்ததே வெறும் நினைப்பா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

உன் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர், "மொதல்ல அவன்கிட்ட சொல்லுங்க" என்றார். அங்கிருந்து நேராக அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் அக்காவிடமும் சொன்னேன். "தம்பி மேல போட்டுட்டீங்களா? இலையில செஞ்ச வேலைய புள்ளகிட்டயுமா செஞ்சீங்க, அண்ணே?" என்று கேட்டார். இந்த முறை நாலு இலை சேர்த்துக் கொடுத்துத் தப்பிக்க முடியவில்லை.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று. எங்கே போனாலும், காரணம் தெரியாத தப்புக்கு உன் பெயரைப் போடாதே. பக்கத்தில் நிற்கிறவனை இரண்டு தடவை கேள். அவன் அப்பனாக இருந்தாலும் மூன்றாவது தடவையும் கேள். போவதா இருப்பதா என்பது உன் இஷ்டம். போ என்று சொன்னால் என் குற்றத்தை உன்னோடு ஏற்றுமதி செய்வது போல இருக்கிறது. இரு என்று சொன்னால் எனக்காக இருக்கச் சொல்வது போல இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.

வாசலில் தொட்டியில் நிற்கிறதே ஒரு வாழை, செமினிக் கன்றுகளோடு சேர்த்து, அதே மண்ணில் நீ வளர்த்து அம்மாவுக்குக் கொடுத்தது. செமினியில் எல்லாம் போன பிறகும் அது நின்றது. "நம்ம வீட்டு மரம் நல்லாத்தானே இருக்கு?" என்று அம்மா கேட்டபோது, "ஒண்ணு தப்பிச்சா மத்ததெல்லாம் சுத்தம்னு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு நீ மாடிக்குப் போய்விட்டாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நேற்று காலையில் பார்த்தேன், அதன் அடியில் இரண்டு பக்கக் கன்று எட்டிப் பார்க்கிறது. பக்கத்து வீட்டு ஆன்டி ஒன்று கேட்கிறார். எந்த வயதில் பிரிக்க வேண்டும், எந்த மண்ணில் வைக்க வேண்டும், கத்தியை எதில் கழுவ வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியும் என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். வந்து சொல். நீ சொல்லும் வரை அதைத் தொடமாட்டேன், யாரையும் தொட விடமாட்டேன். வாசலுக்கு வெளியே ஒரு தட்டில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். மருந்து நீ கலக்கிற அளவுதானா என்று தெரியவில்லை. அதையும் பார்த்துச் சொல்.

அப்பா